எட்டடிக்கு நாலடி

கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கு
ஒரு பலகைக்கு மட்டும் காசு வந்தது.
எட்டடிக்கு நாலடி. தகரம். பச்சை நிறம்.
ஊரின் வரலாறும் பார்க்க வேண்டிய இடங்களும்
பதினாலு வரிக்குள், என்றது கடிதம்.
செயலாளர் நான். பேனை என்னிடம்.

முதல் வரியிலேயே தகராறு.
வீரைமுறிப்பு என்று நாங்கள் சொல்கிறோம்.
நில அளவைப் படத்தில் நெடில் குறுகி
விரைமுறிப்பு என்று கிடக்கிறது.
பின்வாங்கில் பெடியள் சிரித்தார்கள்.
மாட்டுக்குச் செய்கிற வேலையெல்லோ அது என்றார்
மருசலீன் அண்ணர், முகம் மாறாமல்.
கூட்டக் குறிப்பில் அதை நான் எழுதவில்லை.

முறிப்பு என்றால் முறிந்த இடம்.
எப்போது முறிந்தது?
ஐம்பத்தேழு வெள்ளத்தில் என்றது ஒரு கட்சி.
அதற்கு முந்திய உறுதியிலேயே பெயர் இருக்கிறது
என்றது உறுதியைக் கண்ணால் காணாத மறு கட்சி.
குளக்கட்டில் நடந்தால் ஒன்று மட்டும் தெரியும்:
உடைந்த இடத்தை நேராகக் கட்டப் பயந்து
தண்ணீருக்கு ஒதுங்கிக் கொடுத்து
முழங்கை போல மடித்திருக்கிறார்கள்.
யார் என்று தெரியாது.
"யாரோ பயந்த ஆட்கள்" என்று
பலகையில் எழுதலாமா?

துருசுக் கல்லில் வெட்டிய மீன்,
வால் மட்டும் மிச்சம்.
சங்கக்கடை, மூன்று சுவர்,
உள்ளே ஒரு விளா; கடனுக்கும் காய் தருகிறது.
எழுபத்தேழில் மாத்தளையிலிருந்து
ஒரு தையல் மெசினோடும் நாலு பிள்ளைகளோடும் வந்த
காளியப்பன் வெட்டிய கிணறு.
இந்தப் பக்கத்தில் உப்பில்லாத ஒரே கிணறு.
அவர் காணிக்கு இன்னும் உறுதி இல்லை,
ஆனபடியால் கிணறும் வராது என்றார் கிராம அலுவலர்.
ஐந்தாம் வரியில் போட்டேன்.

பிறகு அந்தப் பெரிய வீரை.
பஸ் இன்னும் அதனடியில்தான் நிற்கிறது,
மரம்தான் இல்லை.
பங்கருக்குத் தறித்தது யார் என்று கேட்க
கூட்டம் தன் செருப்புகளைப் பார்த்தது.
போனது அறுபத்தொரு குடும்பம்.
திரும்பி வந்தது முப்பத்தெட்டு.
இடையில் எத்தனை வரி விடுவது?
பெயின்டர் நிமலதாசன் சொன்னான்:
"வெறும் வரிக்கும் நிறம் பூச வேணும் அக்கா,
அதுக்கும் அதே கூலிதான்."

கால் நாட்டக் கிடங்கு வெட்டினோம்.
இரண்டடியில் அலவாங்கு ணங் என்றது.
இரும்பு.
ஒருவரும் ஓடவில்லை.
வந்த காலடிக்குள்ளேயே காலடி வைத்துப் பின்னால் நடந்து
தார் றோட்டில் போய்க் குந்தினோம்,
வெடிபொருள் அகற்றுகிறவர்கள் வரும் வரைக்கும்.
நாலு மணித்தியாலம், பன்னிரண்டு பேர், ஒரு போத்தல் தண்ணீர்.
உறுதி காணாத கட்சிக்காரி சௌந்தலாதேவி
அப்போதுதான் சொன்னாள், என்னிடம் மட்டும்,
மரத்தைத் தறித்தவர்களில் தன் மகனும் ஒருவன் என்று.
அவன் இப்போது எங்கே என்று கேட்க
எனக்கு வாய் வரவில்லை.

தலைக்கவசம் போட்ட பெண்
தூரிகையால் மண்ணைத் தள்ளித் தள்ளிக் கடைசியில்
இரு கையாலும் தூக்கிக் காட்டினாள்:
சங்கக்கடைப் படிக்கல். ஏழு இறாத்தல்.
மேலே ஒரு கிரீடம், மற்றப்படி துரு.
மருசலீன் அண்ணர் வாங்கிப் பார்த்து
"அப்பவும் நிறை குறைவுதான்" என்றார்.
சிரிக்கத் தொடங்கிய நாங்கள்
நெடுநேரம் நிறுத்தவில்லை,
சிலர் சிரிப்பை விட்டு வேறொன்றுக்குப் போயிருந்தார்கள்.

பலகை நிற்கிறது. எழுத்து பதின்மூன்று வரி.
ஏழாவது வரி வெறும் பச்சை.
அதற்கு மட்டும் நிமலதாசன் கூலி வாங்கவில்லை.
படிக்கல் என் மேசையில்,
கச்சான் காற்றுக்குக் கூட்டக் கொப்பியின் மேல்.
கொண்டக்டர் "வீரையடி, வீரையடி" என்று கத்த
இறங்குகிற வெளியூர்க்காரர்
முதலில் அண்ணாந்து பார்க்கிறார்கள்,
பிறகுதான் பலகையை.