எழுபது என்றால் எத்தனை

பீல் நகரில் ஒவ்வொரு தெருவுக்கும் இரண்டு பெயர்.
மேலே ஜெர்மன், கீழே பிரெஞ்சு.
கீழே இருப்பது மொழிபெயர்ப்பா மறுப்பா என்று
முப்பத்தைந்து வருசமாய் நான் கேட்டதில்லை.

பகலில் மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் முள் பொருத்துகிறேன்.
மூச்சை அடக்கி, சாமணத்தால் பிடித்து,
மணிமுள், அதன்மேல் நிமிடமுள்.
ஒன்றையொன்று தொடக்கூடாது.
தொட்டால் இரண்டும் நின்றுவிடும்.

வியாழன் மாலை, தேவாலயத்தின் பக்கத்து அறை.
எபிரேயம் படித்த போதகர் மார்லிஸ் ஏபர்சோல்ட்,
எதற்கும் சண்டைக்கு வரும் வுய்யூமியே,
ஞானஸ்நானம் பெறாத நான்.
முதலில் சூட்டுக்காகத்தான் போனேன்.
வீட்டில் ஹீற்றர் பழுது.

அன்றைக்கு ஒரு கடிதம்.
நாடு கடத்தப்பட்டவர்களுக்கு ஒரு தீர்க்கதரிசி எழுதியது:
வீடு கட்டுங்கள், தோட்டம் வையுங்கள்,
பிள்ளைகளுக்குக் கலியாணம் பேசுங்கள்.
எழுபது வருசம். பிறகு திரும்பலாம்.

எழுபது வந்தது, போனது.
திரும்பியவர்களுக்கும் திரும்பியது போல் இல்லை.
வெகுகாலம் கழித்து ஒருவன் அதே கடிதத்தை விரித்துவைத்து,
சாம்பல் பூசி, பட்டினி கிடந்து கேட்கிறான்:
எழுபது என்றால் எத்தனை?
பதில் வருகிறது: எழுபது ஏழுகள்.

"ஏமாற்று," என்றார் வுய்யூமியே.
"கணக்குத் தவறியதும் பெருக்கிவிட்டான்."
போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

எனக்குச் சொல்ல இருந்தது. ஜெர்மனில் வரவில்லை.

எண்பத்தொன்பதில் அண்ணர் எழுதினார்:
"ரெண்டு வருசம்தான். எல்லாம் முடிஞ்சிடும்.
அலுமாரி ஒண்டும் வாங்காதை."
அதற்குப் பிறகு அவரிடமிருந்து கடிதம் இல்லை. அவரும் இல்லை.

தொண்ணூற்றொன்றில் சொல்லிக்கொண்டேன்:
எழுதிய திகதியிலிருந்து அல்ல,
தபால் வந்துசேர்ந்த திகதியிலிருந்து எண்ணவேண்டும்.
இரண்டாயிரத்து இரண்டு, யுத்தநிறுத்தம்:
பார், அவர் சொன்ன ரெண்டு இதுதான்.
பிறகு, அந்த மே மாதம்.
'எல்லாம் முடிஞ்சிடும்' என்ற வரியை
அன்றைக்குத்தான் முதன்முதலாய் வாசித்தேன்.

பொய் என்று மட்டும் ஒருநாளும் வாசிக்கவில்லை.
செத்தவரின் எழுத்தில் கைவைக்க முடியுமா?
உடுப்பெல்லாம் இன்னும் சூட்கேசில்.

அடுத்த வியாழன் திராட்சைத் தோட்டம்.
ஒரே சுருளில் இரண்டு தரம் வருகிறது.
முதலில் கோபம்: வேலியைப் பிடுங்கு,
முள் மண்டட்டும், மழையே பெய்யாதே.
பின்னால் வந்த யாரோ அதே தோட்டத்துக்குள் நுழைந்து,
முன்னவன் சொன்ன ஒரு சொல்லையும் அழிக்காமல்,
நொடிக்கு நொடி தண்ணீர் விடுகிறான்.
ஜன்னலுக்கு வெளியே ஏரிக்கரைச் சரிவில்
கத்தரித்து முடித்த நிஜமான கொடிகள். மார்ச் மாதம்.

என் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல் என்றேன்,
தோட்டத்தைப் பாழாக்குவதற்கும்
நான் நாளுக்கு முந்நூறு பொருத்துவதற்கும்.
முள்.
வுய்யூமியே அதைப் பிரெஞ்சு எழுத்தில் குறித்துக்கொண்டார்.
பிழையாகத்தான்.

சனிக்கிழமை பழைய தளபாடக் கடைக்குப் போனேன்.
வாதுமை மரம், இரண்டு கதவு, ஒரு கால் கட்டை.
நாலாம் மாடிக்குத் தூக்க வுய்யூமியே வந்தார்,
படிக்குப் படி திட்டிக்கொண்டு.

கடிதத்தைக் கதவின் உட்பக்கம் ஒட்டினேன்.
"அலுமாரி ஒண்டும் வாங்காதை."
சட்டை எடுக்கத் திறக்கும்போதெல்லாம்
வாசிக்கலாம்.