நட்சத்திரக் குறி

ஈசூனில் ஏறினால் உட்கார இடம் கிடைக்காது.
நின்றபடி கதவுக்கு மேலே பார்க்கிறேன்.
நான் எழுதிய வரி:
‘உங்கள் முழங்காலுக்குத் தெரியும்.’

என்ன தெரியும் என்று எழுதவில்லை.
எழுதியிருந்தால் யாராவது
உண்மையா என்று கேட்டிருப்பார்கள்.

பாயா லேபாரில் ஏழாவது மாடி.
ஆங்கிலத்தில் வருவதைத் தமிழாக்க
சொல்லுக்குப் பதினெட்டுக் காசு.
‘குணமாக்கும்’ என்றால் வழக்கறிஞர் அடித்துவிடுவார்.
‘குணமாக்க உதவக்கூடும்’ என்றால் விட்டுவிடுவார்.
ஒரு சொல் கூடியது,
பதினெட்டுக் காசும் கூடியது.

வெள்ளைக் கோட்டுப் போட்டிருப்பவர் தர்மசீலன்.
தெம்பனிஸில் மீன்தொட்டி விற்கிறார்.
கோட்டு அவருக்குப் பெரிது,
முதுகுப் பக்கம் நான்கு துணிக்கவ்விகள்.
நான்காவதை மாட்டியது நான்.
மருத்துவர் என்று நாங்கள் எங்குமே சொல்லவில்லை.
கோட்டு தானாகச் சொல்லிக்கொண்டது.

‘பத்தில் ஒன்பது பேர்’ யார் என்கிறீர்களா?
புட்டிகள் வந்த நாளில்
அலுவலகத்தில் இருந்தவர்கள்.
பத்தாவது ஆள் நான்.
எனக்கு முழங்கால் வலி கிடையாது.

விலை 29.90.
சொல்லில் எழுதினால் நீளம், எண்ணாகவே விட்டோம்.
கண் முதல் இலக்கத்தில் இறங்கிவிடும்,
கடைசி நிறுத்தம் வரை போகாது.
அதன் தோளில் ஒரு நட்சத்திரம்.
நட்சத்திரத்தின் கதை அடியில்,
கொசுக்கால் தடிமனில்.
அதையும் நான்தான் தமிழாக்கினேன்.
யாரும் வாசிக்காத என் நேர்மையான உரைநடை.

நேற்று மின்தூக்கியில் பரஞ்சோதி,
எட்டாம் மாடிக்காரர், 858 ஓட்டுபவர்.
நாள் முழுக்க வலக்காலால் ஊரை நகர்த்துகிறவர்.
பைக்குள் இரண்டு புட்டிகள்.
‘ரெண்டாவது பாதி விலைம்மா.
இன்னிக்கு ராத்திரியோட முடியுது.’

அந்த ராத்திரி போன மாதமும் முடிந்தது.
வரும் மாதத்துக்கும் ஒரு ராத்திரியை
திங்கட்கிழமையே எழுதி அனுப்பிவிட்டேன்.

மூன்றாம் மாடி.
‘தடவினா சுள்ளுனு எரியுது,
அப்ப வேலை செய்யுதுன்னுதானே?’
எரிவதற்கென்றே தனியாக ஒன்று சேர்ப்பார்கள்.
ஐந்தாம் மாடி.
‘அந்த டாக்டர்…’ என்று தொடங்கினேன்.
‘நல்ல மனுசன். மூஞ்சிலயே தெரியுது.’
எட்டு.
கதவு திறந்து அவர் நொண்டி நடந்தார்.
என் வாய் திறந்தபடியே
பதினொன்றுக்குப் போனது.

வீட்டில் கைப்பேசி எடுத்தேன்.
பினாங்கில் ஓர் அறை, கடல் தெரியும் சன்னல்.
‘இதை இப்போது பதினான்கு பேர் பார்க்கிறார்கள்.’
அந்தப் பதினான்கு பேரையும் நான் அறிவேன்.
என்னைப்போல் ஒருத்தி
எங்கோ மேசையில் பெற்றுப் போட்டவர்கள்.
‘கடைசி ஓர் அறை.’
அந்த அறையையும் அறிவேன்.
கீழே ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடியது,
நாலு நிமிடம் பன்னிரண்டு நொடி.
எல்லாம் தெரிந்த என் கட்டைவிரல்
மூன்று நிமிடம் மிச்சம் இருக்கும்போதே
பணம் கட்டிவிட்டது.

தூக்கம் வரவில்லை.
ஒரு தாள் எடுத்து எழுதினேன்:
‘பலதுறை மருந்தகம் காலை எட்டுக்குத் திறக்கும்.
முழங்காலைக் காட்டுங்கள்.
எரிவது கற்பூரம்.
கோட்டு இரவல்.’

வாசித்துப் பார்த்தேன்.
வழக்கறிஞர் கைவைக்க ஏதுமில்லை.
ஆனால் இது விற்காது.
இதில் பயம் இல்லை, கெடு இல்லை,
பக்கத்து வீட்டுக்காரர் எல்லாம் வாங்கிவிட்டார்கள் என்பது இல்லை.
மீன் விற்பவரின் புன்னகைகூட இல்லை.

கிழிக்கப் போனேன். கிழிக்கவில்லை.
தலைப்பில் பெரிய எழுத்தில்
‘பரஞ்சோதிக்கு மட்டும்’ என்று சேர்த்தேன்.
‘இன்றே’ என்று அடிக்கோடும் இட்டேன்.
தொழில் புத்தி, என்ன செய்ய.

மூன்று மாடி இறங்கி
அவர் கதவின் அடியில் தள்ளினேன்.
நட்சத்திரம் போடவில்லை.