ஐந்தாம் வரி

ஜவ்பர் கண்டியிலிருந்து விடியற்பஸ்ஸில் வந்தார்.
ஒரு பூதக்கண்ணாடி, ஒரு அடிமட்டம்,
வாங்கவும் விற்கவும் அரசாங்கம் கொடுத்த கடதாசி.
தேத்தண்ணிக்குச் சீனி வேண்டாமென்றார்.
அப்பாவின் கட்டிலில் பழைய சாரம் விரித்து
நாலு துவக்கையும் கிடத்தியிருந்தேன்,
வாடியில் பாரை அடுக்குவதுபோல,
பெரியது சுவர்ப்பக்கம்.

முதலாவதை மடித்துத் திறந்து
இரண்டு குழலையும் யன்னலுக்கு நேரே பிடித்தார்.
யன்னலுக்கு வெளியே உட்துறைமுகம்.
குழலுக்குள் சின்ன வட்டமாய்க் கடல் தெரிந்திருக்க வேண்டும்,
கனநேரம் பார்த்தார்.
"உப்புக்காத்து அரிச்சிருக்கு தங்கச்சி.
பேர்மிங்காம் முத்திரை நல்லாத்தான் இருக்கு.
உள்ளுக்கு அம்மை விழுந்த முகம்."
ஒரு லட்சத்து நாற்பது என்று எழுதினார்.

இரண்டாவது ஒற்றைக்குழல். பிடி வெடித்து
அப்பா செப்புக்கம்பி சுற்றியிருந்தார்.
"கம்பி சுத்தாம விட்டிருந்தாக் கூடப் போகும்."
அறுபது.
மூன்றாவது, வாய்வழி மருந்திடிக்கிற சாமான்,
சுவரில் மாட்ட யாரும் கேட்டால் பன்னிரண்டு.
காற்றுத்துவக்கை அவர் தொடவேயில்லை.

இருபத்திரண்டு வருஷமாக
கூட்டுறவு வங்கியில் அடகுப்பகுதி எனக்கு.
உரைகல்லும் தராசும் என் மேசையில்.
கொடி, பதக்கம், பிள்ளையின் அரைஞாண்,
எல்லாவற்றுக்கும் ஒரே குரலில் விலை சொல்லியிருக்கிறேன்,
கல்லைக் கழித்து, அழுக்கைக் கழித்து,
முன்னால் நின்று மூக்குச் சிந்துகிறவளையும் கழித்து.
"ஞாபகத்துக்கு நிறை இல்லையம்மா."
கிட்டத்தட்ட அந்த வசனத்தையே
ஜவ்பர் எனக்குச் சொன்னார்,
செப்புக்கம்பியைப் பெருவிரலால் தடவிக்கொண்டு.
நல்ல வசனந்தான். பிழையில்லை.
கவுண்டருக்கு இந்தப்பக்கம் நின்றால்
கொஞ்சம் நீளமாக இருக்கிறது.

பிறகு பெமிற் புத்தகத்தைக் கேட்டார்.
அதில் ஐந்து வரி.
ஐந்தாவது இலக்கத்தைப் பூதக்கண்ணாடியால் படித்துக்
கதிரையில் நிமிர்ந்தார்.
"இது எங்க? பக்கத்தட்டில காட்டுக்கோழி வெட்டினது.
மத்த நாலையும் சேர்த்தாலும்
இதுட காலுக்கு வராது."
எதிரே, எண்பத்தாறு ஆவணித் திகதிக்குப் பக்கத்தில்,
அப்பாவின் சரிந்த எழுத்தில் ஒரே சொல்:
கொடுக்கப்பட்டது.

யாருக்கு, இல்லை. யாரால், இல்லை.
துறைமுகத்தில் முப்பது வருஷம் சாமான் கணக்கு எழுதியவர்,
ஒரு சணல் சாக்குக்கும் பெயரும் ஒப்பமும் கேட்டவர்.
ஆளைச் சொல்லாமல் முடிகிற வினை
தமிழில் உண்டென்று ரீச்சர் படிப்பித்தா.
அதற்குள் ஒரு துவக்கு கொள்ளுமென்று
இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

அந்த ஆவணியில் எனக்கு ஒன்பது வயது.
ஒருநாள் விடிய எழும்ப
அம்மா முற்றம் கூட்டிக்கொண்டிருந்தா,
கூட்டின இடத்தையே திரும்பத் திரும்ப.
விளக்குமாறு எட்டாத கிணற்றடியில்
எங்கள் வீட்டில் யாருக்கும் பொருந்தாத
ஒரு செருப்படி.
அதில் என் காலை வைத்துப் பார்த்தேன்.
பெரிய வித்தியாசம் இல்லை.

பெயர் மாற்றப் பொலிசுக்குப் போனோம்.
வாசலை மறித்து இரண்டு மான்.
டவுன் மான்கள், லொத்தர் துண்டும் பழத்தோலும் தின்பவை.
இவற்றின் சாதியைக் கந்தளாய்க் காட்டில்
அப்பா வெளிச்சம் அடித்துச் சுட்டவர்.
இவை எங்களைப் பார்த்து அசை போட்டன.
ஜவ்பர் பையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு
இடையால் நுழைந்தார்.

சார்ஜனுக்குத் தமிழ் கொஞ்சம் தெரியும்.
ஐந்தாம் வரியில் விரலை வைத்தார்.
"மிஸ், இது ஆருக்குக் குடுத்தது?"
"அந்தச் சொல்லுக்குள்ள ஆள் இல்லை, சேர்."
என்னைப் பார்த்தார். புத்தகத்தைப் பார்த்தார்.
சிங்களத்தில் அதை எப்படி எழுதுவதென்று
பேனையைக் கடித்தார்.
பிறகு ஜவ்பரின் அடிமட்டத்தை இரவல் வாங்கி
அந்த வரிக்குமேல் ஒரு கோடு கீறினார்,
மெதுவாக, வளையாமல்.

இரண்டு லட்சத்துப் பன்னீராயிரம்.
மதிலோரம் நின்று எண்ணினேன்.
வங்கியில் இரண்டு தரம்தான் எண்ணுவேன்.
இன்றைக்கு மூன்றாம் தரம்.