அரை அங்குலம்

நகல் அறையில் என் மேசைக்கு மேலே
மாவட்ட அலுவலகம் ஒட்டிவிட்டுப் போன மஞ்சள் தாள்.
நான்கு கேள்விகள்:
எதற்காக எடுக்கிறாய்,
எந்த மாதிரிப் படைப்பு அது,
எவ்வளவு எடுக்கிறாய்,
நீ எடுத்ததால் அவர்கள் கடையில் ஒன்று விற்காமல் போகுமா.
பத்தொன்பது வருடமாக அதற்குக் கீழே உட்கார்ந்திருக்கிறேன்.
நிமிர்ந்து படித்தவர்கள் மூன்று பேர்.
ஒருவர் குழல்விளக்கு மாற்ற வந்தவர்.

மெய்ன் மாநிலத்தின் வட கோடி இது.
உருளைக்கிழங்கு தோண்டும் நாட்களில் பள்ளிக்கு விடுமுறை.
பிள்ளைகள் திரும்பி வரும்போது நகக்கண்ணில் மண்.
அந்த விரல்கள் தொடும் தாளெல்லாம்
என் இயந்திரத்தின் வயிற்றிலிருந்து சூடாக வந்தவை.

கார்ல்டன் திபோடோ, கணக்கு ஆசிரியர்,
ஒரு பிப்ரவரி சாயங்காலம் வந்தார்
பயிற்சிப் புத்தகத்தை ஸ்வெட்டருக்குள் வைத்து
கைக்குழந்தையைப் பனியில் தூக்கி வருவதுபோல.
இருபத்தாறு பிள்ளைகள். ஒன்பது புத்தகம்.
"முழுசாகவா?" என்றேன்.
"பின்னங்கள் மட்டும்."
புரட்டிப் பார்த்தேன்.
புத்தகமே பின்னங்கள்தான்.

கிள்ளினால் பாடம், அள்ளினால் களவு.
மஞ்சள் தாளில் இது இல்லை, என் வாய்க்கு வந்தது.
எழுதித் தீர்ப்பதற்கென்றே விற்கிற புத்தகம் அது,
ஒரு பிள்ளை பென்சில் வைத்தால் அதோடு சரி,
அடுத்த வருடம் இன்னொன்று வாங்கவேண்டும்,
யாரோ சிலர் அதில்தான் வாடகை கட்டுகிறார்கள்.
அவர் வாதாடவில்லை.
நான்கு புத்தகம் தன் காசில் வாங்கிய ரசீதைப்
பர்ஸிலிருந்து எடுத்து நீட்டினார், பிறகு
வெட்கப்பட்டு உள்ளே வைத்துக்கொண்டார்.
ஒரு அத்தியாயம் எடுத்துக் கொடுத்தேன்.
இரண்டு.
சரி, இரண்டேகால்.

தேனெடுத்தவள் புறங்கை நக்குவாள் என்பார்கள்.
எனக்கு ஒட்டியதெல்லாம் கருப்பு மைப்பொடி.

நேற்று அறிவியல் ஆசிரியை ஜோசலின் மிச்சோ.
ஒரே பக்கம், ஒரே வகுப்பு, நாளைக் காலை முதல் மணி.
நான்கு கேள்விக்கும் கூசாமல் பதில் சொல்லும் தாள்.
உருளைக்கிழங்கு வண்டு.
முதுகில் பத்துக் கோடு,
ஐந்தாவது கொஞ்சம் வளைந்து.

அந்த வளைவை எனக்குத் தெரியும்.
எங்கள் சமையலறை மேசை ஆடும்.
ஒரு காலுக்குக் கீழே சிகரெட் அட்டையை மடித்துச் செருகி
என் தங்கை வெர்னா ஒரு குளிர்காலம் முழுக்க வண்டு வரைந்தாள்.
படத்துக்கு நாற்பது டாலர்.
காசோலையோடு வந்த காகிதத்தில் பொடி எழுத்து:
உரிமை முழுவதும், எக்காலத்துக்கும், பதிப்பகத்துக்கே.
அவள் அதைப் படிக்கவில்லை.
கார் பாட்டரி செத்துக் கிடந்தது, கையெழுத்துப் போட்டாள்.
இப்போது பிரெஞ்சு ஃப்ரை ஆலையில் இரவு ஷிஃப்ட்.

ஆகவே இந்த வண்டு அவளுடையது இல்லை.
ஜோசலின் எடுப்பதிலும் தப்பில்லை.
யாரும் யாருக்கும் கடன்படவில்லை.
சட்டம் கணக்கை நேர்செய்து மூடிவிட்டது.

முதல் நகல் வெளியே வந்தது.
பின்னங்காலுக்குக் கீழே எறும்பளவில்
'வெ. டுபே' என்று இருக்கவேண்டிய இடத்தில்
வெள்ளை.
கண்ணாடியின் விளிம்பு தின்றிருந்தது.

மூடியைத் தூக்கினேன்.
தாளை அரை அங்குலம் மேலே தள்ளினேன்.
இந்த முறை பெயர் விழுந்தது,
தலைப்பில் பாதி போயிற்று.
போகட்டும்.
"கோணலாக இருக்கிறதே?" என்றார் ஜோசலின்.
"பழைய இயந்திரம்" என்றேன்.

இருபத்திரண்டு போதும் என்றார்.
இருபத்துமூன்று அழுத்தினேன்.
மிஞ்சியதை நான்காக மடித்துக் கோட்டுப் பையில் வைக்கும்போது
மஞ்சள் தாள் பக்கம் நானும்
நிமிர்ந்து பார்க்கவில்லை.