குளம்பின் சூடு

போன மாசி மகத்துக்கு முந்தின வாரம்
மூன்றாவது சவாரியிலேயே நின்றுவிட்டது ராக்கெட்.
தேவனாம்பட்டினம் மணலில்
அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடவே கூச்சம்.

ஒரு படிக் கொள்ளை இரண்டாக்கினேன்,
மேலே கைநிறைய வெல்லம்.
இரண்டு நாள் பறந்தது. வசூலும்.
மூன்றாம் நாள் விடியலில்
முன்கால் ஊன்றப் பயந்து
பின்னுக்குச் சாய்ந்து நின்றது.
குளம்பில் கைவைத்தேன்:
அப்போதுதான் இறக்கிய டீ டபரா.

மஞ்சக்குப்பத்திலிருந்து டாக்டர் அமலோற்பவம் வந்தார்.
ஊசி போட்டார். திட்டவில்லை.
"அது வயிறு, ஜெய்லானி.
பெட்ரோல் டேங்க் இல்லை."

மகத்தன்று ஊரே கடலில் இருந்தது.
நான் கெடிலக்கரைப் புல்லை
வெயிலில் புரட்டிக்கொண்டிருந்தேன்.

இப்போது முதலில் காய்ந்த புல், வயிறு நிறைய.
பிறகுதான் கொள்ளு,
ஊறியது, முன்னைவிடக் குறைவு, மூன்று வேளையாய்.
தவிட்டெண்ணெய் ஒரு கரண்டியில் தொடங்கி
கால் டம்ளரைத் தொடப் பதினைந்து நாள்.
எனக்குத்தான் பொறுமை இல்லை.
அதற்கு இருக்கிறது.

நேற்று ஆறாவது சவாரி முடிந்தும்
கயிற்றை இழுத்தது.
"இன்னொரு ரவுண்டு" என்றான் மேலிருந்த பையன்.
குனிந்து குளம்பைத் தொட்டேன்.
அலை வந்துபோன மணல் மாதிரி இருந்தது.
போகலாம் என்றேன்,
இரண்டு பேரிடமும்.