ஆள்காட்டி

மேலே மண் நிறம். கால் மஞ்சள்.
கண்ணுக்கு முன்னால் ஒரு சிவப்புச் சதை.
பொதுவானது. கவலைக்கிடமில்லை.
இப்படித்தான் உன்னைக் கரும்பலகையில் எழுதினேன்
மழைக்கு ஒழுகும் ஓர் ஆய்வகத்தில்
பத்தொன்பது வருடம்.
தேர்வில் உனக்கு இரண்டு மதிப்பெண்.
பாதிப்பேர் உன்னை விட்டுவிட்டு
புலிக்குப் போய்விடுவார்கள்.

விடியுமுன் லிங்கராஜபுரத்திலிருந்து ஸ்கூட்டர்,
கால்களுக்கிடையே முக்காலி, ஃபிளாஸ்க்.
பேரனகுப்பே ஏரியின் தென்கரையில்
நான் கால் வைத்ததும்
எழும்பிக் கத்துவாய் ஊருக்கெல்லாம்:
வந்துட்டா வந்துட்டா இதோ வந்துட்டா.
நாரை நகரும். முக்குளிப்பான் முங்கும்.
எண்ண வந்ததெல்லாம் எண்ணுமுன் போகும்.
உன்னைத் திட்டிக்கொண்டேதான்
முனைவர் பட்டம் வாங்கினேன்.

நாற்பத்தொரு குறிப்பேடுகள்.
ஏரி நுரைத்துச் சாலையில் பறந்த ஆகஸ்ட்.
மீன்கள் வயிறு காட்டி மிதந்த செவ்வாய்க்கிழமை,
கரையில் வாக்கிங் போனவர்கள்
மூக்கைப் பொத்திக்கொண்டு இன்னொரு சுற்றும் போனார்கள்.
அப்பா இறந்த அன்று காலை:
தாழைக்கோழி பதினேழு.
தெரியாததற்குக் கேள்விக்குறி போட்டேன்.
பொய் மட்டும் எழுதியதில்லை.

பிறகு அந்த அறிக்கை வந்தது.
ஏரி மேம்பாடு. நடைபாதை, விளக்குகள்,
இதய வடிவில் ஒரு செல்ஃபி மேடை.
பக்கம் அறுபத்துமூன்று:
'பொதுவான இனங்கள் மட்டுமே தென்படுகின்றன.'
ஆதாரம் என்று அடியில் என் பெயர்.
தயாரித்தவர் மேகனா ஹெப்பார்.
முன்வரிசையில் உட்கார்ந்து
உன் முட்டையின் புள்ளிகளை
பென்சிலைச் சீவிச் சீவி வரைந்தவள்.
அழைத்தேன்.
'மேடம், நீங்க எழுதினதைத்தானே எழுதினேன்.'
ஆமாம்.
கொஞ்சநேரம் இருவரும்
அவள் குழந்தை அழுவதைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

தீர்ப்பாயத்தில் வக்கீல் கேட்டார்:
அரிய பறவை ஒன்றாவது உண்டா?
இல்லை.
அழியும் நிலையில்?
இல்லை.
என் நேர்மையைக் கோர்ட்டே பாராட்டியது.
வழக்கு தள்ளுபடி.

ஏப்ரலில் ஜல்லி வந்து இறங்கியது
கரைநெடுக, பதினாறு குவியல்.
நீ எத்தனை கெட்டிக்காரி பார்,
ஆறாவது குவியலின் அடிவாரத்தில்
கல்லோடு கல்லாய் நான்கு.
நான் குனிந்ததும்
சிறகொடிந்தவள் மாதிரி இழுத்து இழுத்து
சிமென்ட் மூட்டைப் பக்கம் நடந்தாய்.
அந்த நாடகத்தை
முன்னூறு தடவை பார்த்திருக்கிறேன்.
அன்றைக்கும் உன் பின்னாலேயே போனேன்,
நம்பியவள் போல.

லாரிக்காரர் பாலக்கோட்டுக்காரர், பெயர் சின்னமாது.
'எத்தனை நாளுங்க?'
பதினொன்று, மிஞ்சினால் பதின்மூன்று.
'மேஸ்திரி கேட்டா?'
கடைசியாக அள்ளலாம் என்று சொல்லுங்கள்.
தலையைச் சொறிந்தார்.
ஒரு குச்சியில் தன் சிவப்புத் துண்டைக் கட்டி
குவியல் பக்கத்தில் நட்டார், அன்போடு.
அவர் போனபின் பிடுங்கினேன்.
அடையாளம் வைத்தால் காக்கை வரும்,
கேமராக்காரர்கள் வருவார்கள்,
பந்து தேடும் பையன்கள் வருவார்கள்.
துண்டை மடித்துப் பையில் வைத்தேன்.

குறிப்பேடு நாற்பத்திரண்டு.
தேதி. வெயில். காற்று மேற்கிலிருந்து.
ஆள்காட்டி: இரண்டு.
கூடு:
பேனா மூடியைக் கடித்தபடி நின்றேன்.
பகல்வெயிலில்
உன் ஆண் தண்ணீரில் வயிறு நனைத்து வந்து
முட்டைமேல் உட்கார்ந்தது.
இல்லை, என்று எழுதினேன்.
கேள்விக்குறி போடவில்லை.

நீயோ தலைக்கு மேலே சுற்றிச் சுற்றி
இங்கேதான் இங்கேதான் என்று
மேஸ்திரிக்கும் கேட்கக் கத்துகிறாய்.
வாயை மூடேன், சனியனே.
நான் யாரிடமும் சொல்லவில்லை.