இரண்டு பக்கமும் முள்

மூன்றாம் நாளும் கரண்ட் இல்லை.
கோண்டாவில் ஒழுங்கை முழுக்க வெள்ளம்.
விழுந்த பூவரசு வயரையும் இழுத்துக்கொண்டு
சந்தியை மறித்துக் கிடக்கிறது.
பிறிட்ஜுக்குள் என் இன்சுலின், நாலு குப்பி.
பக்கத்தில் அரைக் கிலோ இறால்.
இறாலுக்காக நான் ஜெனறேற்றர் இழுக்கவில்லை,
இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நேசராசா மழைக்கோட்டோடு வந்தார்.
தோட்டத்து மோட்டர்கள் திருத்துகிற கை,
நகக்கண்ணெல்லாம் கிறீஸ்.
கொண்டு வந்தது ஒரு வயர்,
இரண்டு முனையிலும் முள்ளுப் பிளக்.
"ஒண்டை மெசினில குத்துங்கோ,
மற்றதைச் சுவரில.
வீடு முழுக்க எரியும், ஃபானும் சுத்தும்.
ஊரெல்லாம் இப்பிடித்தான்."

எனக்கும் ஃபான் வேணும்.
நுளம்பு பிய்த்துத் தின்கிறது.
ஆனாலும் அதைக் கையில் வாங்கியபோது,
இருதலைக் கொள்ளி என்று படித்தது ஞாபகம் வந்தது.
கொள்ளி என் கையில்.
எறும்பு எங்கே?

எறும்பு சந்தியில் இருந்தது.
மஞ்சள் தொப்பி போட்டு
போஸ்டில் பாதி ஏறி நின்றது.

வீட்டு வயர் வீட்டோடு முடிவதில்லை.
மீற்றரைத் தாண்டும், ஒழுங்கையைத் தாண்டும்,
ட்ரான்ஸ்ஃபோமருக்குள் பின்பக்கத்தால் நுழைந்து
ஆயிரங்களாய்ப் பெருத்து வெளியே வரும்,
செத்த வயர் என்று ஒருவன்
கை வைக்கிற இடத்துக்கு.

"மெயினை இறக்கினால் சரிதானே."
"மறந்தால்?"
"மறக்காதேங்கோ."
ஊசி போட்டதை மறந்து
இரண்டாந்தரமும் போட்டுக்கொண்டு
ஆஸ்பத்திரியில் கண் விழித்தவள் நான்.
குறட்டை எடுத்து
அவர் முன்னாலேயே ஒரு தலையை வெட்டினேன்.
அந்த இடத்தில் துளைப் பிளக் பூட்டினேன்.
இப்போது அது வெறும் நீட்டு வயர்,
பிறிட்ஜ் மட்டும் தாங்கும்.
அவர் ஒன்றும் பேசாமல் போனார்.

மெசின் கிணத்தடிக்கும் அப்பால்.
நாலு குழாய், மேலே தகரம், சுவரே இல்லை.
புகைவாய் வாழைகளைப் பார்க்கிறது.
தோஹாவிலிருந்து இவர் கத்துகிறார்:
"விறாந்தையில வையும், களவெடுத்துப் போடுவாங்கள்!"
கமுகோடு சங்கிலி போட்டிருக்கிறேன் என்றேன்.
போனால் மெசின்தான் போகட்டும்.
விறாந்தையில் வைத்தால் போகிறது நாங்கள்.
அந்தப் புகைக்கு மணம் கிடையாது.
பெற்றோல் மணக்கும், ஒயில் மணக்கும்,
கொல்லுகிறது மணக்காது.
தலையிடி என்று நினைத்து
இரண்டு பனடோல் போட்டுப் படுப்போம்.
அவ்வளவுதான்.

தாங்கி வற்றினால் உடனே ஊற்றுவதில்லை.
சூடு ஆறுமட்டும் இருட்டில் இருப்பேன்.
மழை பிடித்த தகரத்தைக் கேட்பேன்,
தவளையைக் கேட்பேன்,
அடுத்த வீட்டு மெசின் எங்கே நிற்கிறதென்று
சத்தத்தை வைத்துக் கணிப்பேன்.
ஒருநாள் குசினிப் பக்கமாய்க் கேட்டது.
குடையோடு ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன்.
பிரசாந்தினி நித்திரைக் கண்ணோடு திட்டினாள்.
திட்டட்டும், குரல் தெளிவாயிருந்தது.

ஒயில் குச்சியை இழுத்து, துடைத்து,
திரும்ப விட்டு, திரும்ப இழுத்துப் பார்ப்பது
எனக்குப் புதிதில்லை.
விடியவிடிய விரல் நுனியைக் குத்தி
சீனி பார்க்கிறவள்.
இதற்கும் ஒரு கொப்பி வைத்திருக்கிறேன்,
ஓடிய மணித்தியாலம், மாற்றிய ஒயில்,
ஸ்பார்க் பிளக்கின் நிறம்.

ஐந்தாம் நாள் தெருவிளக்கு எரிந்தது.
மஞ்சள் தொப்பி படலையில் நின்று தண்ணி கேட்டது.
பேர் சுயந்தன், அச்சுவேலி.
செம்பை வாங்கிய கையைப் பார்த்தேன்.
ஐந்து விரல், ஒன்றில் பழைய பிளாஸ்டர்.
வயர்க் கதையை அவனிடம் சொல்லவில்லை.
சொல்ல என்ன இருக்கிறது,
ஒன்றும் நடக்கவில்லையே.

பெற்றோல் குழாயை மூடிவிட்டு
மெசினை ஓட விட்டேன்.
கார்பரேற்றரில் மிஞ்சியதைக் குடித்து,
இருமி, இன்னொருதரம் இருமி, நின்றது.
இனி மாதம் ஒருக்கா,
போயா விடுமுறையில், கால் மணித்தியாலம்.

இறாலைப் பொரித்து
நேசராசா வீட்டுக்குக் கொடுத்து விட்டேன்.
சட்டி இன்னும் திரும்பி வரவில்லை.